செயற்கைக்கோள் படத்தை மட்டும் நம்பி டென்ட் போடலாமா? கடலூர் மாவட்டத்தில் ஏழு புள்ளிகள்

கூரை_டென்ட்:
பாண்டியிலிருந்து வெள்ளி மாலை கிளம்பி ஞாயிறு இரவு திரும்பும் பயணம். ஃபோர் வீல் டிரைவ் வண்டி, கூரைமேல் டென்ட், 40 லிட்டர் தண்ணீர். கடலூர் மாவட்டத்துக்குள் ஏழு இடங்களை வரைபடத்தை மட்டும் வைத்துக் குறித்திருக்கிறேன். யாரிடமும் கேட்கவில்லை, கேட்கப் போவதும் இல்லை. ஊருக்குள் போய் விசாரித்தால் பின்னாலேயே பத்து பைக் வரும். படம் பார்க்கத் தெரிந்தவனுக்கு விசாரணை தேவையில்லை என்பது என் கட்சி. மறுப்பவர்கள் இடம் வாரியாக மறுக்கவும்.

முறை இதுதான். யாரும் திருத்தக்கூடிய இலவச வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் 'டிராக்' என்று குறித்த மண்பாதைகளை எல்லாம் அதன் தேடல் தளமான ஓவர்பாஸ் டர்போவில் இறக்கி, முட்டி நிற்கும் முனைகளைக் கண்ணால் பொறுக்கினேன். கூகுள் எர்த் ப்ரோவில் ஒவ்வொரு முனையையும் சுற்றி 400 மீட்டர் வட்டம். உள்ளே ஒரு கூரை தெரிந்தாலும் தள்ளுபடி. ரூலரில் அளந்து 12 மீட்டர் அகலமாவது வெட்டவெளி இருக்க வேண்டும். ஜீப் வகை வண்டி ஒரே வீச்சில் திரும்ப அவ்வளவு தேவை. கடைசியாக எஸ்ஆர்டிஎம் உயரத் தரவில் சுற்றுப்புறத்தைவிட 3 மீட்டராவது மேடு.

தேறியவை: கண்டரக்கோட்டை அருகே தென்பெண்ணை மணல் திட்டு, பெருமாள் ஏரிக் கரை, சாமியார்பேட்டைப் பக்கம் சவுக்குத் தோப்பு, கேப்பர் மலைச் சரிவு, பண்ருட்டி முந்திரிக்காடு, நெய்வேலியில் பெரிய மண்மேடு ஒன்று, திட்டக்குடி பக்கம் வெலிங்டன் ஏரி உள்வாய்.

மதகடி:
தம்பி, 2011 கணக்குப்படி கடலூர் மாவட்டத்துல சதுர கிலோமீட்டருக்கு சுமார் 700 பேர். இதுல ஆளில்லாத இடம்னு நீங்க பார்த்தது காலை பத்தரை மணிக்கு எடுத்த படம். பெரும்பாலான செயற்கைக்கோள் நம்ம தலைக்கு மேல வர்ற நேரம் அதுதான். அப்ப மாடு வேற பக்கம் மேயும், ஆள் வயல்ல இருப்பான். அஞ்சரைக்கு அதே ஏரிக்கரைக்கு வந்து பாருங்க, திருவிழா.

முதல் புள்ளியை முதல்ல அழிங்க. தென்பெண்ணை மணல் திட்டுல படுக்கறதுக்கு மேல வானம் தெளிவா இருந்தா போதாது. ஆத்துல தண்ணி வர்றது இங்க பெய்யற மழையால மட்டும் இல்ல, சாத்தனூர் அணையால. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் பாண்டிப் பக்கம் கரை கடந்துச்சு. அதுக்கப்புறம் டிசம்பர் 2 விடியக்காலை சாத்தனூர்ல திறந்தது விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி. அணை இருக்கறது திருவண்ணாமலை மாவட்டத்துல. நீங்க நிக்கற இடத்துல தூறல்கூட இல்லாம ஆறு ரெண்டு கரையும் போகும். மே மாசப் படத்துல அது வெறும் மணல்தான்.

ஏரிக்கரை விஷயம். நீங்க இறக்கின 'டிராக்'ல பாதி கரைமேல போற பாதை. படத்தைப் பார்த்துத் தொலைவுல இருந்து வரைஞ்சவங்க ஒரே கோடா இழுத்துட்டாங்க. நடுவுல கலிங்கல் வரும், அதாவது ஏரி நிரம்பினா தண்ணி வழியற இடம். கரை அங்க தாழ்ந்து, கருங்கல் தளம், அந்தப் பக்கம் பள்ளம். வண்டி தாண்டாது. கரை அகலம் 3 மீட்டர், ரெண்டு பக்கமும் சரிவு, திரும்ப இடமில்ல, ராத்திரியில ஒரு கிலோமீட்டர் ரிவர்ஸ். பெரிதாக்கிப் பாருங்க: கரைக்கோட்டை வெட்டற மாதிரி வெளுத்த பட்டையும், அதுக்கு வெளிப்பக்கம் ஓடையும் தெரிஞ்சா கலிங்கல். ஓடை மட்டும் தெரிஞ்சு பட்டை இல்லேன்னா மதகு, பாசனத்துக்குத் தண்ணி திறக்கற வழி; அதுமேல போகலாம்.

பேண்டு_எட்டு:
மதகடி அண்ணன் சொன்ன ஆபத்து சரி, ஆனால் குறை படத்தில் இல்லை, மே மாதப் படத்தை மட்டும் பார்த்ததில் இருக்கிறது. நம் பக்கம் மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அப்போது மேகம் மூடியிருக்கும், கண்ணால் பார்ப்பது போன்ற படம் எடுக்கும் சென்டினல்-2 செயற்கைக்கோள் உதவாது. ஐரோப்பிய செயற்கைக்கோள் படங்களுக்கான கோபர்நிக்கஸ் பிரவுசர் தளத்தில், மேகத்தை ஊடுருவும் சென்டினல்-1 ரேடார் படத்தை எடுங்கள், 'விவி' என்ற அடுக்கு. அமைதியான நீர் கறுப்பாகத் தெரியும். கூடவே உலக மேற்பரப்பு நீர் வரைபடம்: 1984 முதலான லேண்ட்சாட் படங்களில் ஒவ்வொரு 30 மீட்டர் சதுரமும் எத்தனை சதவீதம் நேரம் நீராக இருந்தது என்று நிறத்தில் காட்டும். ஐந்து சதவீதம் என்றாலும் அங்கே படுக்காதீர்கள்.

ரேடாரில் மூன்று ஏமாற்றுகள். காய்ந்த வழவழப்பான மணலும் கறுப்பு, அதனால் ஆற்றுப்படுகை எப்போதும் நீர் போலவே தெரியும். நாற்று நிற்கிற வயலில் நீர் தேங்கினால் தண்டில் பட்டுத் திரும்பி வெளுப்பாகத் தெரியும், வெள்ளம் மறைந்துபோகும். காற்றில் அலையடிக்கும் ஏரியும் வெளுக்கும். ஒரே தேதியைப் பார்க்காமல் ஏப்ரலையும் டிசம்பரையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியது இதனால்தான்.

இன்னொன்று, கூரை_டென்ட் கவனிக்க வேண்டியது. எஸ்ஆர்டிஎம் என்பது 2000 பிப்ரவரியில் விண்ணோடத்திலிருந்து எடுத்த ரேடார் உயரம். அது தரையை அல்ல, பெரும்பாலும் மரத்தலையை அளக்கிறது. சாமியார்பேட்டையில் நீங்கள் பார்த்த '3 மீட்டர் மேடு' அன்றைக்கு நின்ற சவுக்கு. சவுக்கை நாலைந்து வருடத்தில் வெட்டிவிடுவார்கள். அந்த மரம் எப்போதோ சாரமாகிவிட்டது, மேடு மட்டும் உங்கள் திரையில் நிற்கிறது. கடற்கரைச் சமவெளியில் இந்தத் தரவின் பிழையே சில மீட்டர். 3 மீட்டர் வித்தியாசத்தை வைத்து முடிவெடுக்கக் கூடாது.

கூரை_டென்ட்:
ஆற்றுத் திட்டை அழித்துவிட்டேன். எஸ்ஆர்டிஎம் அடி வலிக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பேண்டு_எட்டு சொன்னது என் வாதத்துக்கே பலம்: எல்லாம் படத்திலிருந்தே தெரிகிறதே, ஊரில் கேட்டா தெரிந்தது?

மதகடி:
ஒரு ரேடார் செயற்கைக்கோள் அதே பாதையில திரும்ப வர்றது 12 நாளைக்கு ஒரு தடவை. ரெண்டு செயற்கைக்கோள்ல ஒண்ணு 2021 டிசம்பர்ல பழுதாச்சு, மாத்து 2024 டிசம்பர்லதான் மேல போச்சு. இடைப்பட்ட காலத்துல மூணு நாள்ல வடிஞ்ச வெள்ளம் படத்துலேயே இருக்காது. ஊர்க்காரன் கோயில் சுவத்துல தண்ணி நின்ன மட்டத்தைக் கையால காட்டுவான்.

பெருமாள் ஏரிக்கும் அதே கதை. பரவனாறு மட்டும் இல்ல, நெய்வேலிச் சுரங்கத்துல இறைக்கற தண்ணியும் அங்க வந்து சேருது. மழைக்காலம், கோடைக்காலம்னு நீங்க போட்ட கணக்குக்கு அந்த ஏரி கட்டுப்படாது.

நெய்வேலி மண்மேடுன்னு குறிச்சது சுரங்கத்துல இருந்து வாரிக் கொட்டின மேல்மண். அகலமான பாதை தெரியுதே, அது ராட்சத டம்பர் ஓடற பாதை. பாதுகாப்புப் படை காவல் இருக்கற வளாகம். அது வேண்டவே வேண்டாம். போதாததுக்கு சுரங்கம் நகர நகர பழைய ரோடு வெட்டுப்படும். ஆப்ல ரோடு இருக்கும், நேர்ல பள்ளம் இருக்கும்.

இன்னொண்ணு, ஓஎஸ்எம்-ல காப்புக்காட்டு எல்லையைப் பார்த்தீங்களா? அதையே பார்க்காம புள்ளி வச்சிருக்கீங்க போல.

கூரை_டென்ட்:
பார்த்தேனே. ஓஎஸ்எம்-இல் பல இடத்தில் எல்லையே வரையப்படவில்லை. இல்லாததை எப்படிப் பார்ப்பது?

மதகடி:
இருக்கு சார். புள்ளிக்கோடு போட்டு ஆர்.எஃப்.னு, அதாவது ரிசர்வ் ஃபாரஸ்ட்னு எழுதியிருக்கும்.

பேண்டு_எட்டு:
ரெண்டு பேரும் வேறு வேறு ஓஎஸ்எம்மைப் பற்றிப் பேசுகிறீர்கள் :) ஒருவர் சொல்வது ஓபன்ஸ்ட்ரீட்மேப். மதகடி அண்ணன் சொல்வது சர்வே ஆஃப் இந்தியாவின் ஓபன் சீரிஸ் மேப், 1:50,000 அளவு, அவர்களுடைய வரைபடத் தளத்தில் பதிவு செய்தால் பிடிஎஃப் கிடைக்கும். காப்புக்காட்டு எல்லைக்கு இரண்டாவதுதான் ஆதாரம். கூகுளில் பச்சையாகத் தெரிவது காடும் அல்ல, எல்லையும் அல்ல. ஆரோவில் பக்கம் மேலிருந்து பார்த்தால் ஆளில்லாக் காடு போல இருக்கும். 1968-க்குப் பிறகு நட்டு வளர்த்த மரங்கள், முழுக்க ஆள் புழங்கும் இடம். அங்கேயும் யாரும் புள்ளி வைத்துவிடாதீர்கள்.

கிராம_கணக்கு:
நிலம் யாருடையது என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. அதற்கும் டிஜிட்டல் வரைபடம் உண்டு. தமிழ்நிலம் புவித்தகவல் தளத்தில் புள்ளியைத் தொட்டால் சர்வே எண், உட்பிரிவு எண் வரும். அதை வைத்து 'எங்கிருந்தும் எந்நேரமும்' சேவைத் தளத்தில் அ-பதிவேட்டை, அதாவது நிலத்தின் வகையைப் பதிந்த கிராமப் பதிவேட்டைப் பாருங்கள். வகைப்பாடு என்ற இடத்தில் இருப்பதுதான் முக்கியம். ஏரி, ஓடை, வாய்க்கால் புறம்போக்கு என்றால் அது நீர்நிலை. படத்தில் காய்ந்த தரையாகத் தெரிந்தாலும் சரி. மயானம் என்றால் சொல்ல வேண்டியதில்லை. ஆற்றோரம் தனியாக ஒரு தகரக் கொட்டகை, சுற்றிலும் வெட்டவெளி, நல்ல பாதை என்று படத்தில் தெரிவதில் பல இதுதான். கூரை_டென்ட் வைத்திருக்கும் வடிகட்டி இப்படிப்பட்ட இடத்தைத்தான் தேடிப்பிடித்துக் கொடுக்கும்: வீடு இல்லை, பாதை உண்டு, திரும்ப இடம் உண்டு.

புறம்போக்கு என்றால் யாரும் கேட்க மாட்டார்கள் என்பதும் தப்புக்கணக்கு. மேய்க்கால் புறம்போக்கில் ஊர் மாடு மேயும். பட்டா நிலம் என்றால் கணினிப் பட்டாவில் உரிமையாளர் பெயரே இருக்கிறது. அனுமதி கேட்பது இன்னும் சுலபம்.

புதுவை எல்லை தனிச் சிக்கல். பாகூர், நெட்டப்பாக்கம், வில்லியனூர், மண்ணாடிப்பட்டு எல்லாம் தமிழ்நாட்டுக்குள் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கின்றன. ஒரே பாதையில் 5 கிலோமீட்டருக்குள் இரண்டு முறை எல்லை மாறலாம். தமிழ்நிலத்தில் சர்வே எண் வரவில்லை என்றால் பெரும்பாலும் நீங்கள் புதுவைக்குள் இருக்கிறீர்கள். அதற்கு 'நிலமகள்' தளம். காவல் நிலையமும் வேறு, மது விதியும் வேறு. பாண்டியில் வாங்கிய பாட்டிலோடு எல்லை தாண்டினால் பேச்சு வேறு பக்கம் போகும்.

சங்கு:
கடற்கரைப் புள்ளிக்கு மட்டும் சொல்கிறேன். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமை கரையேறி முட்டையிடும் காலம். மணலில் வண்டி ஏற்றினால் குழி நசுங்கும், விளக்கு போட்டால் குஞ்சு திசை மாறும். டயர் காற்றை 18 பிஎஸ்ஐ-க்கு இறக்கி ஓட்டத் தெரியும் என்பது இங்கே தகுதியே இல்லை. வெள்ளாறு, கொள்ளிடம், உப்பனாறு எதுவானாலும் முகத்துவார மணல் திட்டு வருடத்துக்கு வருடம் இடம் மாறும், படம் எந்தத் தேதி என்று பார்க்காமல் போகாதீர்கள். பிச்சாவரம் காப்புக்காடு, பேச்சே இல்லை.

கூரை_டென்ட்:
சரி, நானும் கேட்கிறேன். ஊரில் கேள் கேள் என்கிறீர்களே, யாரைக் கேட்பது? டீக்கடையில் இருப்பவர் "போங்க தம்பி, யாரும் கேக்க மாட்டாங்க" என்பார். அவர் நிலமா அது? தோப்புக் காவல்காரர் சரி சொன்னாலும் முதலாளி இரவில் வந்து எழுப்புவார். வாய்ச்சொல்லுக்கும் பிழை உண்டு. பயணிகள் தங்கிய இடங்களைக் குறிக்கும் ஐஓவர்லேண்டர் ஆப்பில் வெளிநாட்டுக்காரர்கள் போட்ட புள்ளிகளாவது யாரோ தங்கிய இடம்.

மதகடி:
ஐஓவர்லேண்டர்ல கடைசியா யாரு எந்தத் தேதியில தங்கினாங்கன்னு போட்டிருக்கும், அதைப் பாருங்க. மூணு வருஷத்துக்கு முந்தின புள்ளியில இன்னைக்கு மனைப்பிரிவு கல் நட்டிருக்கும். டீக்கடை விஷயத்துல நீங்க சொல்றது நியாயம், அதை ஏத்துக்கறேன். கேட்க வேண்டியது ஊராட்சித் தலைவர், இல்லேன்னா கிராம நிர்வாக அலுவலர். பட்டா நிலம்னா பட்டாக்காரர். பொழுது இருக்கும்போதே போய், வண்டி எண்ணையும் எத்தனை பேர்னும் சொல்லிட்டா அந்த ஏரியா காவல் நிலையத்துக்கும் ஒரு போன் போதும். நீங்க பயப்படற பத்து பைக், சொல்லாம போற வண்டிக்குத்தான் வரும்.

பேண்டு_எட்டு:
இடையில் ஒரு சின்ன எச்சரிக்கை. கூரை_டென்ட் முதலில் பகிர்ந்த கோப்பில் கடலூர் 11.45, 79.46 என்று இருக்கிறது. அது 11 பாகை 45 நிமிடம், 79 பாகை 46 நிமிடம். தசமத்தில் 11.75, 79.77. நிமிடத்தைத் தசமமாக அடித்தால் தெற்கே 33, மேற்கே 34 கிலோமீட்டர் நகர்ந்து, சில்வர் பீச்சுக்குப் பதில் சேத்தியாத்தோப்பைத் தாண்டி ஸ்ரீமுஷ்ணம் பக்கம் போய் நிற்பீர்கள்.

ஆஃப்லைன் படத்துக்கு: ஆஸ்மாண்ட் வரைபட ஆப்பில் செயற்கைக்கோள் அடுக்கை ஜூம் 17-இல் சேமித்தால் போதும். 10க்கு 10 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 1,150 ஓடுகள் (சதுரப் படத் துண்டுகள்), இருபது எம்பி அளவில் முடிந்துவிடும். ஜூம் 18 அதில் நாலு மடங்கு. ஆனால் முந்திரிக்காட்டுக்கு மட்டும் 18 வேண்டும், காரணம் கிணறு.

கூரை_டென்ட்:
கிணறு?

மதகடி:
பண்ருட்டிப் பக்கம் செம்மண்ணுல கைப்பிடிச் சுவர் இல்லாத மொட்டைக் கிணறு நிறைய. படத்துல கறுப்புச் சதுரம், இல்லேன்னா வட்டம், ஓரம் கூர்மையா இருக்கும். மர நிழல்னா ஓரம் கலைஞ்சிருக்கும், எல்லா நிழலும் ஒரே பக்கம் சாஞ்சிருக்கும். இருட்டுல ரிவர்ஸ் எடுக்கறவனுக்கு இதைவிட ஆபத்து எதுவும் இல்ல. ஒவ்வொண்ணையும் சிவப்புப் புள்ளியா குறிச்சுட்டுப் போங்க. சோளக்காட்டு ஓரமா நின்னா பன்றிக்குன்னு திருட்டுத்தனமா இழுத்த மின்வேலியும் இருக்கலாம். அது எந்தப் படத்துலயும் தெரியாது, கேட்டாத்தான் தெரியும்.

மத்தபடி உங்க ஏழுல மண்ணைப் பார்த்தா அந்த முந்திரிக்காடுதான் தேறும். சரளை கலந்த செம்மண், தண்ணி நிக்காது. வெலிங்டன் பக்கம் கரிசல். ஒரு மழை பெஞ்சா டயர் உருண்டையாயிடும், ஃபோர் வீலும் உதவாது.

கூரை_டென்ட்:
திருத்திய பட்டியல். ஆற்றுத் திட்டு, நெய்வேலி மேடு, சவுக்குத் தோப்பு, வெலிங்டன், பெருமாள் ஏரி அடித்தாயிற்று. கேப்பர் மலையில் சர்வே எண் பார்த்தேன், உட்பிரிவு உட்பிரிவாக உடைந்திருக்கிறது, யாரைக் கேட்பது என்றே தெரியவில்லை, அதுவும் போச்சு. முந்திரிக்காடு ஒன்று மிச்சம். பட்டாவில் பெயர் இருக்கிறது, வியாழக்கிழமை ஊராட்சி அலுவலகத்தில் கேட்கிறேன். ஆனாலும் அந்த ஒன்றையும் கண்டுபிடித்துக் கொடுத்தது படம்தான், அதை விட்டுத்தர மாட்டேன்.

கிராம_கணக்கு:
பட்டாவில் தனியார் பெயர்தானா, வனத்தோட்டக் கழகமா என்று ஒருமுறை பாருங்கள். அந்தப் பக்கம் கழகத்தின் தோப்புகளும் உண்டு. அங்கே ஊராட்சித் தலைவர் சொல் செல்லாது.

மதகடி:
கேட்கும்போது மருந்து எப்ப அடிச்சாங்கன்னும் கேளுங்க. பூ விடற காலத்துல தேயிலைக் கொசுங்கற பூச்சிக்குத் தெளிப்பாங்க, அந்த வாரம் மரத்தடியில படுக்கக் கூடாது. முந்திரிக் கிளை தரையை ஒட்டி வரும், கூரை டென்ட் உள்ள நுழையாது, வரப்பு ஓரமா வெளியிலேயே நிறுத்துங்க. சருகு பத்திக்கும், அடுப்பை வண்டி டெயில்கேட் மேல வச்சுக்கங்க. கீழ கிடக்கற கொட்டையை விளையாட்டுக்கும் நெருப்புல போடாதீங்க. தோட்டு எண்ணெய் தெறிச்சா தோல் வெந்துடும், புகை கண்ணைத் தொறக்க விடாது.