பிரேக் மிதிச்சா பெடல் உதைக்குது, காடி நிக்க மாட்டேங்குது – பம்ப் மாத்தணுமா?

செம்பனைக்காடு:
வணக்கம். மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துல இருக்கேன். வீட்டுல இருந்து டவுன் சாலை வரைக்கும் செம்மண்ணும் சரளைக்கல்லும்தான். போன வாரம் சாயந்திரம் மாடு ஒண்ணு குறுக்க வந்துச்சு. பிரேக்கை ஒரே அழுத்தா அழுத்துனேன். பெடல் காலுக்கடியில கடகடன்னு உதைச்சுச்சு, கீழ ஏதோ அரைக்கிற சத்தம், காடி அது பாட்டுக்குப் போய்க்கிட்டே இருந்துச்சு. மாடு நகர்ந்ததால தப்பிச்சோம். செகண்ட் ஹேண்ட் காடிதான், ஆனா ஏபிஎஸ் இருக்கு, அதான் பிரேக் அடிச்சா டயர் சுத்தாமப் பூட்டிக்காம பார்த்துக்கிற சாமான். ஏபிஎஸ் இருந்தா சீக்கிரம் நிக்கணும்தானே? காடி ரிப்பேர் பண்ற ஃபோர்மேன் ஓட்டிக்கூடப் பார்க்காம "பிரேக் பம்ப் போச்சு, மாத்தணும்"னுட்டார். அடுத்த மாசம் தங்கச்சி கல்யாணம். கையில காசு இறுக்கம். மாத்தித்தான் ஆகணுமா?

மோட்டார் மச்சான்:
ஏபிஎஸ் பியூஸைப் பிடுங்கிப் போட்டுரு லா. அந்தக் காலத்துக் காடியெல்லாம் அது இல்லாமத்தானே ஓடுச்சு? வழுக்குனா விட்டு விட்டு மிதி, நின்னுடும்.

பழைய லோரி:
தம்பி, பியூஸ்ல கை வைக்காதீங்க. நீங்க சொல்றதைப் பார்த்தா பெடல் உதைச்சது கோளாறு இல்ல, ஏபிஎஸ் வேலை செஞ்சதுதான். டயர் பூட்டிக்கப் போகுதுன்னு சென்சார் கண்டுபிடிச்சா, பிரேக் அழுத்தத்தை ஒரு வினாடிக்குப் பல தடவை விட்டு விட்டுப் பிடிக்கும். அந்த அதிர்வுதான் காலுக்கு வருது. பயந்து காலைத் தூக்கிடக் கூடாது. நல்லா மிதிச்சுப் பிடிச்சுக்கிட்டு ஸ்டீயரிங்கைத் திருப்பி விலகணும். டயர் பூட்டிக்கிட்டா ஸ்டீயரிங் எந்தப் பக்கம் திரும்புனாலும் காடி நேராத்தான் சறுக்கும். அது நடக்காம இருக்கத்தான் ஏபிஎஸ். விட்டு விட்டு மிதிக்கிறது ஏபிஎஸ் இல்லாத காடிக்கு. இதுல அப்படிச் செஞ்சா அது செய்யிற வேலையை நீங்களே கெடுக்கிறீங்க.

செம்மண் சரளையில நிக்கிற தூரம் கூடத்தான் செய்யும். பூட்டிக்கிட்ட டயர் கல்லை முன்னால குவிச்சு, அந்தக் குவியல்லயே முட்டி நிக்கும். ஏபிஎஸ் டயரை உருள விடுறதால அந்தக் குவியல் சேராது. ஏபிஎஸ்னா எங்கேயும் சீக்கிரம் நிக்கும்னு நிறைய பேர் நம்புறாங்க, விக்கிறவங்களும் திருத்துறதில்ல.

பெடலை மிதிச்சா பிரேக் எண்ணெயைத் தள்ளுறதுதான் பம்ப். அது போச்சான்னு நீங்களே பார்க்கலாம். என்ஜினை ஓடவிட்டு, காடி நிக்கிற இடத்துலயே பெடலை அழுத்தி அரை நிமிஷம் பிடிங்க. மெல்ல மெல்லக் கீழ இறங்குச்சுன்னா பம்ப் போச்சோ, பிரேக் எண்ணெய் ஒழுகுதோன்னு சந்தேகப்படலாம். தார் ரோட்டுல மெதுவா பிரேக் போடும்போதும் ஸ்டீயரிங் ஆடுதா? அப்போ சக்கரத்தோட சுத்துற பிரேக் தட்டை, அதான் டிஸ்க்கைப் பார்க்கணும். சாவி போட்டதும் ஏபிஎஸ் விளக்கு எரிஞ்சு சில வினாடியில அணையணும், அணையலைன்னா சென்சார்ல சேறு இருக்கலாம். அதோட டயரையும் பாருங்க.

செம்பனைக்காடு:
நன்றி அண்ணே. பெடல் இறங்கல, கல்லு மாதிரி நிக்குது. விளக்கும் அணையுது. தார்ல ஸ்டீயரிங் ஆடல. டயர்தான்... நடு கோடெல்லாம் மொழுமொழுன்னு இருக்கு. டயரோட பக்கவாட்டுல 2317ன்னு போட்டிருக்கு.

பழைய லோரி:
அது 2017ஆம் வருஷத்து 23ஆவது வாரம் செஞ்ச டயர். பள்ளத்துக்குள்ள சின்ன மேடு மேடா ரப்பர் இருக்கும், டயர் அந்த மட்டத்துக்குத் தேய்ஞ்சுட்டா 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம். அதுதான் சட்டப்படி எல்லை. உங்களுது அதையும் தாண்டியிருக்கும் போல. பம்ப்புக்குக் குடுக்கப் போன காசை டயருக்குக் குடுங்க. பிரேக் எண்ணெய் ரெண்டு வருஷமா மாத்தலைன்னா அதையும் மாத்திடுங்க, காத்துல இருக்கிற ஈரத்தை அது உறிஞ்சும்.

ஈப்போ அக்கா:
நான் காடி ஓட்டச் சொல்லிக் குடுக்கிறவ. சொல்லாம விட்டதை நான் சொல்றேன். ஈப்போவுல இருந்து கோலகங்சார் போற முதலாம் நம்பர் சாலையில மணிக்கு 90 கிலோமீட்டர்ல போறோம்ல, அப்போ ஒரு வினாடிக்கு 25 மீட்டர். கால் பிரேக்குக்குப் போறதுக்குள்ளயே அவ்வளவு தூரம் ஓடிடும். 60ல பிரேக் போட்டு நிக்கிற தூரத்தைவிட 90ல ரெண்டேகால் மடங்கு வேணும். ஒன்றரை மடங்குன்னுதான் எல்லாரும் நினைப்பாங்க. செம்பனைக் குலை ஏத்திக்கிட்டுப் போற லோரிக்குப் பின்னால ஒட்டிக்கிட்டே போற பிள்ளைங்களைப் பார்த்தா வயிறு எரியுது. மழையில நாலு வினாடி இடைவெளி விடுங்க.

மோட்டார் மச்சான்:
மழையில ரெண்டு பக்க சிக்னலையும் போட்டுக்கிட்டா பின்னால வர்றவனுக்குத் தெரியும்ல அக்கா?

ஈப்போ அக்கா:
ஓடிக்கிட்டு இருக்கும்போது போடாதீங்க தம்பி. நீங்க நிக்கிறீங்களா ஓடுறீங்களான்னு அவனுக்குப் புரியாது. லேன் மாறும்போது சிக்னலும் காட்ட முடியாது. முன் விளக்கைப் போடுங்க, பின் விளக்கும் சேர்ந்து எரியும்.

செம்பனைக்காடு:
இப்போதைக்கு ரெண்டு டயர்தான் வாங்க முடியும் அண்ணே. காடி முன் சக்கரத்துலதான் இழுக்குது, அதனால புதுசை முன்னால போடணும்தானே? நாலுல முன்னால ரெண்டுதான் மோசம், பின்னால பரவாயில்ல.

பழைய லோரி:
எல்லாரும் அப்படித்தான் கேப்பாங்க. பின்னால இருக்கிற நல்ல ரெண்டையும் முன்னால கொண்டு வாங்க, புதுசு ரெண்டும் பின்னால போகட்டும். ஈரத்துல முன் டயர் வழுக்குனா காடி நேராப் போகப் பார்க்கும், ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுத்து வேகத்தைக் குறைச்சா பிடி திரும்ப வாய்ப்பிருக்கு. பின் டயர் வழுக்குனா காடியே சுத்திக்கும், அதைப் பிடிக்கிறது கஷ்டம். கடைக்காரன் முன்னால மாட்டப் போனா கூட நின்னு சொல்லுங்க.