என்விடிஏ: ஸ்லாஷ் அழுத்தினால் கிளிக் வேறெங்கோ விழுகிறது, அவசர உதவி

கொட்டாஞ்சேனைக்காரன் (செவ்வாய், இரவு 9.10)
வணக்கம். நான் பார்வையற்றவன், திரையை வாசித்துச் சொல்லும் என்விடிஏ மென்பொருளோடுதான் வேலை. கந்தோர் சம்பள மென்பொருளில் சேவ் பட்டனை மவுஸால்தான் அழுத்த வேண்டும், டேப் அங்கே போவதில்லை. நம்பேடால் (விசைப்பலகையின் எண் பகுதி) தேடிப்போய்ப் பட்டனில் நின்று, இடது கிளிக்குக்கு அங்குள்ள ஸ்லாஷ் அழுத்துகிறேன். கிளிக் வேறெங்கோ விழுகிறது. நேற்று ஒரு தடவை சரியாக விழுந்தது, அடுத்த தடவை பிரிண்ட் பெட்டி திறந்துவிட்டது. வெள்ளிக்கிழமை மாதத்தின் கடைசி வேலைநாள், அதற்குள் சேமலாப நிதிக் கணக்கை ஏற்றியாக வேண்டும். கர்சர் செட்டிங்கில் எதை மாற்றுவது?

தெஹிவளை_குரல் (9.22)
தம்பி, மடிக்கணினியா, டெஸ்க்டாப்பா? என்விடிஏயில் எந்த விசை அமைப்பு வைத்திருக்கிறீர்கள்? மடிக்கணினி அமைப்பு என்றால் இடது கிளிக்குக்கு வேறு விசை.

பழைய_விசை (9.31)
எந்தப் பதிப்பு, எந்த விண்டோஸ், மென்பொருள் எந்த வகை என்று ஒன்றும் சொல்லாமல் உதவி கேட்டால் யாரால் பதில் சொல்ல முடியும்? இன்சேர்ட்டும் N எழுத்தும் அழுத்தினால் மெனு வரும், உதவிக்குள் பயனர் கையேடு இருக்கிறது. பத்து வருடமாக இதையேதான் எழுதுகிறேன். கையேட்டை ஒரு தடவை முழுதாகப் படித்தவர் இந்தக் கேள்வியைக் கேட்கமாட்டார்.

வத்தளை_நண்பன் (9.40)
திரை அளவு 125 சதவீதத்தில் இருக்கிறதா பாருங்கள். எனக்கும் இப்படித்தான் மவுஸ் தள்ளித் தள்ளி விழுந்தது. 100க்குக் கொண்டுவந்தேன், சரியாகிவிட்டது.

மருதானை_மாலை (9.52)
மடிக்கணினி என்றால் டச்பேடில் உள்ளங்கை பட்டுப் பட்டனுக்கும் கிளிக்குக்கும் நடுவில் மவுஸ் நகர்ந்திருக்கும். முதலில் டச்பேடை அணைத்துவிடுங்கள்.

கொட்டாஞ்சேனைக்காரன் (10.15)
மடிக்கணினிதான், ஆனால் தனி விசைப்பலகை போட்டிருக்கிறேன். நம்பேட் உண்டு, டெஸ்க்டாப் அமைப்பு. நம்லாக்கும் அணைந்துதான் இருக்கிறது. டச்பேடை அணைத்துப் பார்த்தேன், 100 சதவீதமும் வைத்துப் பார்த்தேன். அதே கதை. வகுப்பில் ஜாஸ் என்ற இன்னொரு திரைவாசிப்பானில் இப்படித்தான் செய்தேன், அங்கே பிழையாகவில்லை.

வெள்ளவத்தை_அக்கா (10.34)
தம்பி, கடைசி வரியில் விடை இருக்கிறது. ஜாஸ் கர்சர் என்பது மவுஸ் அம்புக்குறியேதான். நம்பேட் மைனஸ் அழுத்திவிட்டு நீங்கள் போகும் இடத்துக்கெல்லாம் மவுஸும் கூட வரும். என்விடிஏயில் அப்படி இல்லை. நம்பேடால் நீங்கள் நகர்த்துவது வழிகாட்டிப் பொருள் மட்டும், அதாவது என்விடிஏ பார்த்து வாசிக்கும் இடம். மவுஸ் கடைசியாக எங்கே விடப்பட்டதோ அங்கேயே கிடக்கும், ஸ்லாஷ் அங்கேதான் கிளிக் செய்யும். நேற்று ஒரு தடவை சரியாக விழுந்தது என்றால், பார்வையுள்ள யாராவது அந்தப் பட்டனில் கிளிக் செய்துவிட்டு மவுஸை அங்கேயே விட்டுப் போயிருப்பார்கள்.

பட்டனில் நின்றதும் முதலில் இன்சேர்ட்டும் நம்பேட் என்டரும் அழுத்துங்கள். மவுஸ் இல்லாமலே வேலை செய்தால் அதைவிட நல்லது இல்லை. அசையாவிட்டால் இன்சேர்ட்டும் நம்பேட் ஸ்லாஷும். மவுஸ் பட்டனுக்கு வந்துவிடும். அப்புறம் வெறும் ஸ்லாஷ்.

பழைய_விசை (10.41)
இதெல்லாம் கையேட்டில் இருக்கிறது.

தெஹிவளை_குரல் (10.50)
இருக்கட்டும் அண்ணா. வெள்ளிக்கிழமைக்குள் வேலை முடிய வேண்டிய பிள்ளையிடம் கையேடு முழுவதையும் படி என்று சொல்லாதீர்கள்.

நாரம்மா_வீதி (10.58)
எனக்கு வேறு கோபம். டேப் போகாத மென்பொருளை வாங்கிக்கொண்டு வந்து பார்வையற்றவரின் மேசையில் வைத்தது யார்? மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்காக 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, ஐநா உடன்படிக்கையையும் 2016இல் இலங்கை ஏற்றுக்கொண்டது. மவுஸ் வித்தை சொல்லிக்கொடுக்கக் கொடுக்க, செய்தவர்கள் திருத்தப்போவதே இல்லை.

வத்தளை_நண்பன் (11.07)
கடிதம் எழுதி அவர்கள் திருத்தி வரும்வரை தம்பிக்கு யார் சம்பளம் கொடுப்பது? நான் கோல்டன் கர்சர் என்ற துணைநிரல் போட்டிருக்கிறேன். பட்டன் இருக்கும் இடத்தைப் பெயரிட்டுச் சேமிக்கலாம்.

நாரம்மா_வீதி (11.13)
சன்னல் கொஞ்சம் நகர்ந்தாலே அந்த இடம் பிழையாகிவிடும். வேலை கிடைத்த ஒருவர் வாயை மூடிக்கொண்டால் அடுத்து வருபவருக்கும் இதே மேசைதான்.

வெள்ளவத்தை_அக்கா (11.20)
இரண்டும் வேண்டும் தங்கச்சி. இன்றைக்குக் கணக்கு ஏறட்டும், அடுத்த வாரம் அவர்களுக்கு எழுத நானும் உதவுகிறேன்.

கொட்டாஞ்சேனைக்காரன் (புதன், மதியம் 12.45)
அக்கா, என்டர் அசையவில்லை. இன்சேர்ட் ஸ்லாஷ் வேலை செய்தது! ஆனால் அடுத்த ஊழியரின் பெயருக்குப் போனதும் பட்டனை மறுபடி முதலிலிருந்து தேட வேண்டியிருக்கிறது. 84 பேர் இருக்கிறார்கள்.

வெள்ளவத்தை_அக்கா (1.05)
குவியம் (நீங்கள் தட்டுவது போய்ச் சேரும் இடம்) மாறும்போதெல்லாம் வழிகாட்டிப் பொருளும் அதன் பின்னால் ஓடுகிறது. அதனால்தான். பட்டனில் நின்றபடி இன்சேர்ட்டும் 7உம் அழுத்தி அந்தப் பின்தொடர்தலை அணையுங்கள். குவியம் எங்கே போனாலும் வழிகாட்டி பட்டனிலேயே நிற்கும். ஒவ்வொருவருக்கும் இன்சேர்ட் ஸ்லாஷ், ஸ்லாஷ், அவ்வளவுதான்.

கொட்டாஞ்சேனைக்காரன் (1.22)
7 அழுத்தினால் திரைச் சீராய்வு என்று ஏதோ சொல்கிறது. இப்போது பட்டனே அகப்படவில்லை.

வெள்ளவத்தை_அக்கா (1.26)
அது நம்பேட் 7. நான் சொன்னது எழுத்துகளுக்கு மேல் வரிசையில் உள்ள 7. விளக்காமல் விட்டது என் தவறு. இன்சேர்ட்டும் நம்பேட் 1உம் அழுத்திப் பொருள் சீராய்வு என்ற பழைய முறைக்குத் திரும்புங்கள், பிறகு பட்டனைப் பிடித்துக்கொண்டு மேல்வரிசை 7. ஒன்று முக்கியம்: இந்த அமைப்பை எல்லா இடத்திலும் இப்படியே விட்டால் மற்ற மென்பொருள்களில் வழிதவறும். இன்சேர்ட், கன்ட்ரோல், பி (P) அழுத்தி இந்த மென்பொருளுக்கு மட்டும் தனி உள்ளமைவுத் தோற்றம் ஒன்று உருவாக்கி, அதற்குள் அணையுங்கள்.

பழைய_விசை (1.40)
தனித் தோற்றம் என்றது சரி. நானும் என் வங்கி மென்பொருளுக்கு அப்படித்தான் வைத்திருக்கிறேன். மாற்றியபின் இன்சேர்ட், கன்ட்ரோல், சி அழுத்திச் சேமிக்க மறக்க வேண்டாம்.

மருதானை_மாலை (2.10)
டச்பேடை மறுபடி திறந்துவிட்டீர்களா?

கொட்டாஞ்சேனைக்காரன் (வெள்ளி, மாலை 5.35)
84 பேரும் ஏறியாயிற்று. நன்றி அக்கா. பஸ் வந்துவிட்டது.

நாரம்மா_வீதி (5.50)
மிகவும் சந்தோஷம். அந்த மென்பொருளின் பெயரை எனக்குத் தனியாக அனுப்புங்கள், கடிதத்தை ஞாயிறன்று எழுதத் தொடங்குகிறேன்.