பழைய திரை சைக்கிள்: திரை முழுவதும் 9 என்றே வருகிறது, ரோம் சிப்பில் உள்ள நிரலைக் காப்பாற்ற வழி உண்டா?

துருப்பெடல் எழுதியது:
வணக்கம். ஓஹாயோவில் மூடப்பட்ட ஓர் உடற்பயிற்சிக் கூடத்தின் ஏலத்தில், மிதிக்க மிதிக்கத் திரையில் சாலை ஓடும் 1980களின் சைக்கிள் ஒன்றை வாங்கினேன். இயக்கினால் ஒரு கட்டம் விட்டு ஒரு கட்டமாக 9 என்ற எண் மட்டுமே திரை முழுவதும் நிற்கிறது. போர்டில் இசட்80 என்ற செயலிச் சிப்பும், நிரலைத் தாங்கும் ரோம்களாக, சாக்கெட்டில் செருகிய 27256 ஈப்ராம் (புற ஊதா ஒளியால் அழிக்கக்கூடிய நினைவகச் சிப்) இரண்டும் உள்ளன. முதல் ஈப்ராமின் கண்ணாடிச் சாளரத்தில் ஸ்டிக்கர் இல்லை. அதன் அருகில் இருக்கும் நிக்கல் காட்மியம் பேட்டரி கசிந்து பச்சையாகப் பூத்திருக்கிறது. ரோம் அழிந்துவிட்டதா? பின்னர் இதை எமுலேட்டரில் (பழைய கருவியைக் கணினியில் போலச்செய்யும் மென்பொருளில்) ஓட்டவும் விரும்புகிறேன்.

சாலிடர்புகை எழுதியது:
மறுபடி இயக்க வேண்டாம். உங்கள் திரையே நோயைச் சொல்லிவிட்டது. இசட்80 படிக்கும் இடமெல்லாம் எஃப்எஃப் (எல்லா பிட்டும் 1; இங்குள்ள முகவரிகளும் குறியீடுகளும் பதினாறு அடிமான எண்கள்) என்று வந்தால், அது 38 என்ற முகவரிக்குத் தாவு என்னும் கட்டளையாகும். அங்கும் எஃப்எஃப் இருப்பதால் மீண்டும் அங்கேயே தாவி, ஒவ்வொரு முறையும் திரும்பும் முகவரியான 0039-ஐ ஸ்டாக்கில் (திரும்பும் முகவரிகளை அடுக்கும் நினைவகப் பகுதியில்) எழுதிக்கொண்டே நினைவகத்தில் கீழே இறங்கி, திரை நினைவகத்தையும் நிரப்பிவிடும். ஆஸ்கி என்னும் எழுத்துக் குறியீட்டில் 39 என்பது 9, 00 என்பது வெற்றிடம்.

ஸ்டிக்கர் இல்லாதது கவலைக்குரியதுதான். ஆனாலும் தொடர்ந்து நேர்வெயில் பட்டால் ஒரு வாரத்திலும், அறையின் குழல்விளக்கில் ஏறத்தாழ மூன்று ஆண்டுகளிலும் அழியக்கூடும் என்றே தரவுத்தாள்கள் சொல்கின்றன. உங்கள் போர்டு பெட்டிக்குள் இருந்தது. அரைகுறையாக மங்கிய ஈப்ராம் இவ்வளவு சீராக எஃப்எஃப் தருவதும் அரிது. என் சந்தேகம் சாக்கெட்டின் மேல்தான்: 20ஆம் காலோ 22ஆம் காலோ தொடர்பு விட்டால் சிப் வாயைத் திறக்காது, டேட்டா தடங்களில் புல்-அப் (தடத்தை 1 நிலையில் இழுத்து வைக்கும் மின்தடை) இருந்தால் எல்லாமே எஃப்எஃப் ஆகத் தெரியும்.

இரண்டு சிப்பையும் கழற்றி, புரோகிராமர் கருவியில் மும்முறை படித்து, சிஆர்சி (தரவின் சரிபார்ப்பு எண்) மூன்றும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். கசிவு காரத்தன்மை உடையது என்பதால் முதலில் வினிகரையும் பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலையும் கொண்டு துடையுங்கள். பிக்சர் டியூபின் ஆனோடில் மின்னேற்றம் தங்கியிருக்கும். அதை இறக்காமல் அந்தப் பக்கம் கை வைக்க வேண்டாம்.

துருப்பெடல் எழுதியது:
மூன்று முறையும் ஒரே சிஆர்சி வந்தது. உள்ளே ஆங்கிலத்தில் “வேகமாக மிதிக்கவும்” என்ற வாசகமும் தெரிந்தது. சாக்கெட்டின் 20ஆம் துளையில் உலோகத் தகடே அரித்துப் போயிருந்தது. புதிய சாக்கெட் போட்டதும் சாலை வந்துவிட்டது. எமுலேட்டருக்கு இந்த இரண்டு கோப்புகள் போதுமா?

சாலிடர்புகை எழுதியது:
போதாது. சூப்பர் நிண்டெண்டோவுக்கு 1994இல் வந்த எக்ஸர்டெயின்மென்ட் சைக்கிளைப் பாருங்கள்: கார்ட்ரிட்ஜின் ரோம் கையில் இருந்தாலும், கன்சோலின் அடியில் உள்ள விரிவாக்க முனையில் செருகும் இடைமுகம் என்ன பேசுகிறது என்று தெரியாமல் சைக்கிள் பக்கம் ஊமையாகவே இருக்கும். உங்கள் மிதியில் காந்தமும், அது அருகில் வந்தால் மூடும் ரீட் சுவிட்சும் இருக்கக்கூடும். சுற்றுக்கு எத்தனை துடிப்பு என்று எண்ணிப் பதிவு செய்யுங்கள். ஒரு காந்தம் மட்டும் என்றால் நிமிடத்துக்கு 60 சுற்றில் நொடிக்கு ஒன்று வரும். சுவிட்ச் மூடும்போது துள்ளும் பொய்த் துடிப்புகளையும் லாஜிக் அனலைசரில் (டிஜிட்டல் சமிக்ஞைகளைப் பதியும் கருவியில்) அப்படியே பிடியுங்கள், மென்பொருள் அவற்றை வடிகட்டும் விதம் அதில்தான் புலப்படும். மேட்டில் ஏறும்போது மிதியை இறுக்கும் பிரேக்குக்குப் போகும் சமிக்ஞையையும் அதே நேரத்தில் எடுங்கள். இவற்றுடன் போர்டின் இருபுறப் படங்களையும் சேர்த்துக் கொடுத்தால், மேம் என்ற எமுலேட்டரில் உங்கள் கருவிக்கான பகுதியை (டிரைவர்) எழுதுபவர் ஊகிக்க வேண்டியது குறையும். சாளரத்துக்கு இன்றே ஒரு கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள்.