சுங்கை சிப்புட், மலேசியா: உயில் எழுதாமல் அப்பா தவறிவிட்டார், வழக்கறிஞர் இல்லாமல் வீட்டைப் பெயர் மாற்ற முடியுமா?

சிப்புட் மகள்:
வணக்கம். அப்பா தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டிச் சேர்த்த காசில் தாமானில் (குடியிருப்புப் பகுதி) வாங்கிய மலிவு விலை வீடு அவர் பெயரில் இருக்கிறது. கடன் முடிந்துவிட்டது. வங்கியில் கொஞ்சம் சேமிப்பு, ஒரு பழைய கார், இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணம். உயில் இல்லை. அம்மா, நான், சிங்கப்பூரில் வேலை செய்யும் தம்பி, அப்பாவைப் பெற்ற பாட்டி, இவ்வளவுதான் குடும்பம்.

அம்மா அப்பா 1980இல் எஸ்டேட் மாரியம்மன் கோவிலில் தாலி கட்டிக்கொண்டவர்கள். பதிவுச் சான்றிதழ் கிடையாது. "சர்ட்டிபிகேட் இல்லையென்றால் மனைவி என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள்" என்று யாரோ சொன்னதிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. அப்பா பெயரில் கெரானுக்கும் (வீட்டுப் பட்டா) ஐசிக்கும் (அடையாள அட்டை) ஓர் எழுத்து வித்தியாசம் வேறு. வழக்கறிஞர் கேட்கும் தொகை எங்களுக்குக் கட்டுப்படியாகாது. என்ன செய்வது?

தைப்பிங் அண்ணன்:
தங்கச்சி, முதலில் அம்மாவைச் சாப்பிடச் சொல்லுங்கள். திருமணச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1982 மார்ச் 1ஆம் தேதி. அதற்கு முன் வழக்கப்படி முறையாக நடந்த திருமணத்தைப் பதிவானதாகவே சட்டம் எடுத்துக்கொள்கிறது. அன்று கோவிலில் இருந்த பெரியவர்கள் இரண்டு பேரை அழைத்துப்போய் பெசுருஜாயா சும்பா (சத்தியப் பிரமாண ஆணையர்) முன்னால் சத்தியப் பத்திரம் எழுதி வாங்குங்கள். உங்கள் பிறப்புப் பத்திரத்தில் அம்மா அப்பா பெயர் இருப்பதும் துணை நிற்கும். அந்தத் தேதிக்குப் பிறகு தாலி மட்டும் கட்டிப் பதியாமல் விட்டவர்கள் நிலைதான் கஷ்டம். எத்தனையோ தோட்டத்துத் தாய்மார்கள் அதில் தவிக்கிறார்கள்.

உயில் இல்லாத சிறு சொத்துக்கு உயர்நீதிமன்றம் தேவையில்லை. வீடும் மற்றதும் சேர்த்து 5 மில்லியன் ரிங்கிட்டுக்குள் இருந்தால் சிறு சொத்துப் பங்கீட்டுச் சட்டத்தில் முடிக்கலாம். முன்பு 2 மில்லியன்; 2024 ஜூலை 15இலிருந்து உயர்த்திவிட்டார்கள். வீடு இருக்கும் மாவட்டத்துக்குரிய பூசாக்கா (இறந்தவர் சொத்துப் பங்கீடு) பிரிவில் போராங் ஏ (விண்ணப்பப் படிவம்) கொடுங்கள். பிறகு குடும்பத்தாரை விசாரணைக்குக் கூப்பிடுவார்கள்.

அதற்கு முன் பெஜாபாட் தானாவில் (நில அலுவலகம்) சாரியான் ரஸ்மி (அதிகாரபூர்வ பட்டா விவரம்) எடுத்துப் பாருங்கள். கடன் முடிந்தும் வங்கியின் பிணை கெரானில் அப்படியே பதிவாகி இருந்தால் இப்போதே தெரிந்துவிடும். பெயரைக் கெரானில் உள்ளபடி ஓர் எழுத்தும் மாறாமல் எழுதி, ஐசியில் இருப்பவரும் அவரேதான் என்று சத்தியப் பத்திரம் வையுங்கள். கெரானில் பழைய ஐசி எண் இருந்தால் ஜேபிஎன்னில் (தேசியப் பதிவு இலாகா) உறுதிக் கடிதம் வாங்குங்கள்.

பீடோர் அக்கா:
இன்னொன்றும் கவனியுங்கள் மா. வீட்டை மட்டும் எழுதாமல் வங்கிக் கணக்கு, கார் எல்லாவற்றையும் அதே போராங்கில் சேர்த்துவிடுங்கள். விட்டுப்போனால் அப்புறம் போராங் பி (P) போட்டு மறுபடி அலைய வேண்டும். அப்பா இபிஎஃப்புக்கு வாரிசு நியமித்திருந்தால் அந்தப் பணம் நேராக அவருக்கே போகும், இந்தப் பங்கீட்டில் வராது.

சிப்புட் மகள்:
அண்ணே, அக்கா, அம்மாவிடம் படித்துக் காட்டினேன். ரொம்ப நன்றி. பாட்டிக்கும் பங்கு உண்டா? அவர் "எனக்கு எதுக்கு, மருமகளுக்கே எழுதுங்க" என்கிறார். தம்பி விசாரணைக்கு வர முடியாவிட்டால்?

தைப்பிங் அண்ணன்:
உண்டு. மனைவிக்கு நாலில் ஒன்று, பெற்றவருக்கு நாலில் ஒன்று, பிள்ளைகளுக்குப் பாதி. நீங்கள் இரண்டு பிள்ளைகள் என்பதால் நாலு பேருக்கும் சம பங்கு. பாட்டி அம்மாவுக்கு விட்டுக்கொடுக்கலாம், அதை விசாரணை அதிகாரியிடம் அவரே சொல்லட்டும். ஆனால் யாரும் வற்புறுத்தாதீர்கள், அது அவர் மகன் உழைத்த காசு. அவர் நல்லபடி இருக்கும்போதே முடித்துவிடுங்கள். இழுத்துக்கொண்டே போய் பாட்டிக்கு ஏதாவது ஆகிவிட்டால் அவர் பங்கு அவருடைய மற்ற பிள்ளைகளுக்கும் பிரியும், உங்கள் அத்தை, சித்தப்பா எல்லாரிடமும் கையெழுத்து கேட்டு நிற்க வேண்டும்.

தம்பி போராங் டிடிஏ சம்மதக் கடிதத்தை சிங்கப்பூரில் உள்ள மலேசியத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அனுப்பலாம். விசாரணை முடிந்ததும் போராங் இ உத்தரவு தருவார்கள். பலர் அதை அலமாரியில் வைத்துவிட்டு எல்லாம் முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். அதையும் அசல் கெரானையும் பெஜாபாட் தானாவில் கொடுத்துப் பதிந்தால்தான் வீடு உங்கள் பெயருக்கு வரும். உத்தரவு கிடைத்த கையோடு போய்விடுங்கள்.