.44 மேக்னம், .500 மேக்னம்: ரசித்துச் சுட முடியுமா, கை தாங்குமா?

ஹூஸ்டன்வாசி எழுதியது:

வணக்கம். 9 மி.மீ. பிஸ்டலில் ஓரளவு பழக்கம் உண்டு. 15 கஜத்தில் குண்டுகள் உள்ளங்கை அகலத்துக்குள் விழும். அடுத்ததாகப் பெரிய ரிவால்வர் ஒன்று வாங்கலாம் என்று யோசனை. கடையில் கண்ணில் பட்டவை மூன்று:

ரூகர் சூப்பர் ரெட்ஹாக், .44 மேக்னம் (மருந்து அதிகமுள்ள வலுவான தோட்டா), 7.5 அங்குல பேரல்.
ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 329பிடி. அதுவும் .44 மேக்னம்தான், ஆனால் கையில் எடுத்தால் பொம்மை மாதிரி லேசு.
ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 500, நீள பேரல்.

சனிக்கிழமை ரேஞ்சுக்குப் போனால் ஒரு பெட்டி, அதாவது 50 தோட்டா, நிம்மதியாகச் சுட முடியுமா? இல்லை, ஐந்தாறு சுட்டதும் "போதும்டா சாமி" என்று மூடி வைக்கிற சாமானா? மணிக்கட்டு கெட்டுவிடும் என்று பயமுறுத்துகிறார்கள். இப்போதைக்குக் காகித இலக்கு மட்டும். பின்னால் காட்டுப்பன்றி வேட்டைக்குப் போகலாம். எடை குறைந்தது என்பதால் மனம் 329 பக்கம் சாய்கிறது.

---

இரும்புச்சட்டம் பதில்:

மனம் தப்பான பக்கம் சாய்கிறது. மூன்றில் ரேஞ்சுக்குக் கொஞ்சமும் ஒத்துவராதது 329தான்.

"பெரிய காலிபர் என்றால் பெரிய உதை" என்பது பாதி உண்மை. தோட்டாவின் வேகமும் குண்டின் எடையும் ஒரு பக்கம் என்றால், துப்பாக்கியின் எடை மறுபக்கம். ஒரே தோட்டாவை எடையில் பாதியான துப்பாக்கியில் போட்டால், கைக்கு வந்து சேரும் உதையின் ஆற்றல் இரட்டிப்பாகும். நீங்கள் சொன்ன மூன்றுக்கும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 240 கிரெய்ன் (சுமார் 15.5 கிராம்) குண்டு, வினாடிக்கு 1,350 அடி; .44 மேக்னத்துக்கு இது வழக்கமான முழு வேகம். சூப்பர் ரெட்ஹாக் சுமார் 1.5 கிலோ. அதில் இந்தத் தோட்டா தரும் உதை ஏறக்குறைய 23 ஜூல். 329பிடி சுமார் 700 கிராம்தான். அதே தோட்டா அதில் 48 ஜூல். ஸ்மித் 500 இரண்டு கிலோவுக்குச் சற்று மேல். 350 கிரெய்ன் குண்டு 1,700 அடி வேகத்தில் போனால் 54 ஜூல். அதாவது லேசான .44 ஏறக்குறைய .500 அளவுக்கு உதைக்கும், அதுவும் குறுகலான பிடி வழியாக. 329 மலைக்காட்டில் கரடிக்குப் பயந்து நாள் முழுக்க இடுப்பில் சுமப்பவர்களுக்காகச் செய்தது. சுமப்பதற்கு அது சுகம், சுடுவதற்கு அல்ல.

இன்னொரு எண்ணையும் பாருங்கள். .44 மேக்னம் சிலிண்டரில் .44 ஸ்பெஷல் தோட்டாவும் போகும். 246 கிரெய்ன் குண்டு, வேகம் 755 அடி. இதை ரெட்ஹாக்கில் சுட்டால் உதை 6 ஜூலுக்குள். உங்கள் 9 மி.மீ. பிஸ்டல் தருவதும் அவ்வளவுதான். ஆக, நீங்கள் கேட்ட 50 தோட்டாவில் முப்பதை ஸ்பெஷலாக வைத்து, மீதியை ஆறு ஆறாக மேக்னமாகச் சுடலாம். அப்படிச் சுட்டால் ஒரு மணி நேரம் ரசிக்கலாம். ஐம்பதும் முழு மேக்னம் என்றால் கடைசி இருபது வீண். கை வலிக்கும் முன்பே கண் சிமிட்ட ஆரம்பித்துவிடும்.

ஸ்பெஷல் நிறையச் சுட்ட பிறகு ஒரு தொல்லை வரும். அதன் கூடு மேக்னத்தைவிட 3 மி.மீ. குட்டை. அது முடிகிற இடத்தில் சிலிண்டர் அறைக்குள் கரியும் ஈயமும் வளையமாகப் படியும். அதற்கு மேல் மேக்னம் போட்டால் உள்ளே முழுதாக இறங்காது; இறங்கினாலும் சுட்ட கூடு வெளியே வராமல் சிக்கும். மேக்னத்துக்கு மாறும் முன் அறைகளைக் கரைப்பான் தொட்ட வெண்கலப் பிரஷ்ஷால் நாலு தேய்ப்பு தேய்த்துவிடுங்கள். அல்லது மேக்னத்தை முதலில் சுட்டுவிட்டு, ஸ்பெஷலைக் கடைசியில் வையுங்கள். இந்த வரிசைக்கு இன்னொரு லாபம்: வீட்டுக்குப் போகும்போது கை அமைதியான தோட்டாவோடு போகும், கெட்ட பழக்கம் ஒட்டாது.

---

சிலிண்டர்சித்தர் பதில்:

மேலே சொன்ன கணக்கு சரி. ஆனால் அதே ஜூல், பிடிக்கும் விதத்தைப் பொறுத்துச் சுகமாகவும் இருக்கும், சித்திரவதையாகவும் இருக்கும்.

பிஸ்டல் பழக்கத்தோடு வருகிறவர்களுக்கு முதல் ஆபத்து இடது கட்டைவிரல். பிஸ்டலில் இரண்டு கட்டைவிரலையும் முன்னோக்கி நீட்டிப் பிடிப்பீர்கள். ரிவால்வரில் அப்படிப் பிடித்தால் விரல் நுனி சிலிண்டருக்கும் பேரலுக்கும் நடுவே இருக்கும் இடைவெளிக்குப் பக்கத்தில் போய் நிற்கும். மயிரிழை இடைவெளிதான், ஆனால் ஒவ்வொரு முறையும் அதன் வழியே சூடான வாயுவும் ஈயத் துகளும் பக்கவாட்டில் பீறிடும். .44 மேக்னத்தின் அழுத்த உச்சவரம்பு 36,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு), .500க்கு 60,000, .454 கசூல் என்ற இன்னொரு ரிவால்வர் தோட்டாவுக்கு 65,000. .44லேயே தோல் கிழியும். அதைவிட அழுத்தம் கூடியவற்றில் விரலே போகலாம். ஆகவே வலது கட்டைவிரலை மடக்கி, அதன் நகத்தின் மேல் இடது கட்டைவிரலைப் பூட்டுங்கள். எந்த விரலும் சிலிண்டரின் முன்விளிம்பைத் தாண்டக் கூடாது. மேசையில் மணல்மூட்டை மேல் வைத்துச் சுடும்போது இது இன்னும் சுலபமாக மறந்துபோகும். மூட்டையின் உறையையும் அந்த வாயு கிழிக்கும்.

உயரத்தில் பிடியுங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருக்கும் சதை, பின்சட்டத்தில் எவ்வளவு மேலே போகுமோ அவ்வளவு மேலே, ஆனால் ஹாமர் (தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தியல்) பின்னால் வரும்போது தட்டாத அளவுக்கு. கீழே பிடித்தால் பேரல் நெம்புகோலாகி மணிக்கட்டை மடக்கும்; மறுநாள் வலிப்பது அதனால்தான். முழங்கையைக் கட்டை மாதிரி பூட்டாதீர்கள். லேசாக மடங்கியிருந்தால் துப்பாக்கி எழும்ப, தோளும் முன்கையும் அதை வாங்கிக்கொள்ளும். எழும்பட்டும். எழும்பவே விடாமல் அடக்க நினைக்கிறவருக்குத்தான் குறி தவறும்.

ரெட்ஹாக்கின் வகையிலேயே ஒரு நல்ல விஷயம் உண்டு, விளம்பரத்தில் யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. சூப்பர் ரெட்ஹாக்கில் பிடிக்குள் முழு இரும்புச் சட்டம் கிடையாது, ஒரு முளை மட்டும். அதனால் உள்ளங்கைக்கும் இரும்புக்கும் நடுவே தடித்த ரப்பர் முழுக்க நிற்கிறது. ஸ்மித்தின் .44களில் பின்சட்டம் வெறுமையாகக் கையில் இடிக்கிற பிடிகள் அதிகம். அப்படிப்பட்டது கிடைத்தால், பின்சட்டத்தையும் மூடுகிற ரப்பர் பிடியாக மாற்றுவதுதான் முதல் செலவு. மரப்பிடி பார்க்க அழகு. அதை அலமாரியில் வைத்து அழகு பாருங்கள்.

பழைய கௌபாய் பாணி சிங்கிள் ஆக்‌ஷன் (ஒவ்வொரு வெடிக்கும் ஹாமரைக் கையால் பின்னால் இழுக்க வேண்டிய வகை), உதாரணமாக ரூகர் சூப்பர் பிளாக்ஹாக், வேறு ரகம். கலப்பைப் பிடி போல வளைந்த அதன் பிடி உள்ளங்கைக்குள் உருளும்படி செய்தது. உதை மேல்நோக்கிச் சுழலாக மாறும். சிலருக்கு அது பிடிக்கும். ஆனால் சதுரமாக முடியும் விசைக்காப்பு உள்ள மாடல்களில் நடுவிரல் முட்டியில் அடி விழும். இரண்டையும் வாடகைக்கு எடுத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

அடுத்தது மிரட்சி. விசை விழும் முன்பே கை கீழே அமுக்கும், கண் மூடும். வலது கைக்காரருக்கு குண்டுகள் இலக்கின் கீழ் இடதில் விழும். அதைச் சுட்டுச் சுட்டுத் தீர்க்க முடியாது. ஆறு அறையில் இரண்டு மேக்னம், நான்கு சுட்ட காலிக்கூடு என்று கலந்து போட்டு, பார்க்காமல் சிலிண்டரைச் சுழற்றி மூடுங்கள். காலிக்கூட்டில் ஹாமர் விழும்போது முன்குறி ஆடினால் உங்கள் குற்றம் அங்கேயே தெரிந்துவிடும். ஆடாமல் இருக்கும்வரை அதையே செய்யுங்கள். வீட்டில் தோட்டா இல்லாத துப்பாக்கியில் விசை இழுத்துப் பழகுவதும் இதே வேலையைத்தான் செய்கிறது, காசு செலவில்லாமல்.

கையில் மதமதப்பு, ஊசி குத்துவது போன்ற உணர்வு, கட்டைவிரல் அடிமூட்டில் வலி, இந்த மூன்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும். அது வீரம் காட்டுகிற இடமில்லை.

---

மதுரக்காரன் பதில்:

அண்ணே, துப்பாக்கியப் பத்தி மேல ரெண்டு பேரும் விலாவாரியா சொல்லிட்டாங்க. நான் வேற ரெண்டு விஷயம் சொல்றேன்.

ஒண்ணு, விசா. எச்-1பி மாதிரி தற்காலிக விசாவுல இருந்தா, அமெரிக்க ஃபெடரல் சட்டப்படி துப்பாக்கியோ தோட்டாவோ வச்சிருக்கவே கூடாது. வாங்குறது மட்டும் இல்ல, ரேஞ்சுல வாடகைக்கு எடுத்துச் சுடுறதும் அதுக்குள்ளதான் வரும். நம்ம ஆளுங்க நிறைய பேருக்கு இது தெரியாது. விலக்கு உண்டு: அமெரிக்க மாநிலம் ஏதாவது ஒண்ணு கொடுத்த, காலாவதி ஆகாத வேட்டை லைசென்ஸ் இருக்கணும். டெக்சஸ்ல 2019 செப்டம்பர்ல இருந்து தனியார் நிலத்துல நிலக்காரர் அனுமதியோட காட்டுப்பன்றி வேட்டைக்கு லைசென்ஸ் தேவையில்லைதான். ஆனா அதை நம்பி லைசென்ஸ் எடுக்காம விட்டா இந்த விலக்கு கிடைக்காது. கிரீன் கார்டு இருந்தா இந்தப் பிரச்சனையே இல்ல. எதுக்கும் ஒரு வக்கீல்கிட்ட கேட்டுக்குங்க.

ரெண்டு, காது. மேக்னம் ரிவால்வர் சத்தம் 160 டெசிபல் பக்கம் போகும். 140ஐத் தாண்டுற ஒரே ஒரு வெடி காதைக் கெடுக்கப் போதும். அதனால காதுக்குள்ள ஃபோம் அடைப்பான் (சாதாப் பஞ்சு இல்ல), அதுக்கு மேல காதை மூடுற மஃப், ரெண்டும் கட்டாயம். ரெண்டையும் போட்டா பாதுகாப்பு கூட்டல் கணக்குல ஏறாது. நல்லா இருக்கிற ஒண்ணவிட 5 டெசிபல் அளவுக்குக் கூடும், அவ்வளவுதான். ஆனா அந்த அஞ்சும் வேணும். மூடின ரேஞ்சுல கான்கிரீட் சுவர் சத்தத்தைத் திருப்பி அடிக்கும். பேரல் முனையில பிரேக் (வாயுவைப் பக்கவாட்டுல திருப்புற துளை) வச்ச .500 உதையைக் குறைக்கும், ஆனா பக்கத்துத் தடத்துல நிக்கிறவர் சட்டை படபடன்னு ஆடும். கூட்டம் இல்லாத நேரமாப் பார்த்துப் போங்க, இல்லன்னா திறந்தவெளி ரேஞ்சுக்குப் போங்க.

நிறைய பேர் உதைன்னு சொல்றதுல பாதி சத்தமும் தீக்கொழுந்தும்தான். காதை ஒழுங்கா மூடினாலே மிரட்சி பாதி குறையும்.

---

ஆறாவதுஅறை பதில்:

சின்ன மாற்றுக் கருத்து. காகித இலக்கும் பன்றியும்தான் நோக்கம் என்றால் .357 மேக்னமே போதுமே? 1935லிருந்து இருக்கிற தோட்டா. 6 அங்குல பேரல் உள்ள கனமான ரிவால்வரில், 158 கிரெய்ன் குண்டுக்கு உதை 10 ஜூல் பக்கம்தான். .38 ஸ்பெஷலும் அதில் போகும், விலையும் பாதி. கனத்த கடினமான குண்டு, அருகிலிருந்து தோள்பட்டைக்குப் பின்னால் அடி, இந்த நிபந்தனைகளோடு பன்றிக்குச் சரி. பெரிய ஆண் பன்றி என்றால் .44தான் மேல், அதை மறுக்கவில்லை.

எதிர்த்திசையில் போக வேண்டும் என்றால், .500ஐவிட 2005ல் வந்த .460 புத்திசாலித்தனமானது. அதே எடை, ஆனால் .460, .454 கசூல், .45 கோல்ட் மூன்றும் ஒரே சிலிண்டரில் போகும். .45 கோல்ட் போட்டால் இரண்டு கிலோ துப்பாக்கி அசையக்கூட அசையாது. .500க்கு அப்படிப் பரவலாகக் கிடைக்கிற சாதுவான தோட்டா இல்லை. ஒவ்வொரு வெடிக்கும் மூன்று டாலர் பக்கம் பறக்கும்.

செலவைக் குறைக்க, சுட்ட கூட்டில் மருந்தும் குண்டும் வைத்து வீட்டிலேயே தோட்டா தயாரிக்கலாம் என்று தோன்றும். அதில் ஒரே ஒரு எச்சரிக்கை: மேக்னத்துக்குப் போடுகிற எச்110 என்ற வெடிமருந்தை உதை குறையட்டும் என்று அளவைக் குறைத்துப் போடாதீர்கள். கையேட்டின் உச்ச அளவிலிருந்து 3 சதவீதத்துக்கு மேல் குறைக்கக் கூடாது என்று தயாரிப்பாளரே சொல்கிறார். குறைத்தால் ஒழுங்காகப் பற்றாது, குண்டு பேரல் நடுவே நின்றுவிடும். மென்மையான தோட்டா வேண்டும் என்றால் வேகமாக எரியும் வேறு மருந்து, அதற்கான கையேட்டு அளவு.

---

ஹூஸ்டன்வாசி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கிரீன் கார்டு உண்டு, அந்தக் கவலை இல்லை. 329 கனவைக் கைவிட்டேன். வீட்டுக்கு அருகே உள்ள ரேஞ்சில் சூப்பர் ரெட்ஹாக், ஸ்மித் 500 இரண்டும் வாடகைக்கு உண்டாம். வாங்காவிட்டாலும் 500ஐ ஒரு தடவை சுட்டுப் பார்க்க ஆசை. முதல் தடவை எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

---

இரும்புச்சட்டம் பதில்:

ஆசை நியாயமானதுதான், சுட்டுப் பாருங்கள். வரிசை மட்டும் இது: முதலில் ரெட்ஹாக்கில் ஸ்பெஷல் பன்னிரண்டு, பிறகு அறைகளைப் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு மேக்னம் ஆறு. குறி கலையவில்லை என்றால் மட்டும் 500.

500ஐ எடுத்ததும் ஐந்து அறையையும் நிரப்பாதீர்கள். ஒரே ஒரு தோட்டா. சிலிண்டரை மூடும்போது அது ஹாமருக்கு அடுத்து வருகிற அறையில் இருக்க வேண்டும். ஸ்மித்தின் சிலிண்டர் இடப்பக்கமாக, அதாவது பின்னாலிருந்து பார்க்கக் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுழலும். ஆகவே மேல் அறைக்கு வலப்பக்கத்து அறையில் போடுங்கள்; ஹாமரை இழுத்ததும் மேலே வந்துவிடும். ஏன் ஒன்று என்றால், உதையில் துப்பாக்கி பின்னால் வந்து திரும்ப முன்னால் போகும்போது, தளர்ந்த பிடியில் விரல் தன்னை அறியாமல் விசையை மறுபடி இழுத்துவிடும். அதற்குள் பேரல் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கும், சில சமயம் சுடுபவரின் நெற்றியையே. ஒரு தோட்டா மட்டும் இருந்தால் இரண்டாவது இழுப்பு வெற்று அறையில் விழும். இப்படி மூன்று முறை சுட்டு, பிடி நழுவவில்லை என்று தெரிந்த பிறகு இரண்டு போடலாம். முதல் நாளில் மொத்தம் ஐந்துக்கு மேல் வேண்டாம்.

இலக்கு 7 கஜத்தில் இருக்கட்டும். ஹாமரைக் கட்டைவிரலால் பின்னால் இழுத்து சிங்கிள் ஆக்‌ஷனில் சுடுங்கள். இழுத்த பிறகு விசை மிக லேசாக இருக்கும், குறி இலக்கில் நிற்கும்வரை விரல் விசைக்காப்புக்கு வெளியே. ஒரு கால் பின்னால், உடல் சற்று முன்சாய்வு. நிமிர்ந்து நின்றால் தள்ளும்.

பிறகு வாங்குவது ரெட்ஹாக்காகவே இருந்தாலும் ஒரு சோதனையைக் கற்றுக்கொள்ளுங்கள். புதுப் பெட்டி தோட்டா வாங்கியதும் ஆறை நிரப்பி ஐந்தைச் சுடுங்கள். ஆறாவதை வெளியே எடுத்து, பெட்டியில் இருக்கும் சுடாத தோட்டாவோடு சேர்த்து நிறுத்தி நீளம் பாருங்கள். உதையில் குண்டு கூட்டிலிருந்து முன்னால் நழுவியிருந்தால் அந்தப் பெட்டி அந்தத் துப்பாக்கிக்கு ஆகாது. அது சிலிண்டர் முகத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டால் சிலிண்டர் சுழலாமல் பூட்டிக்கொள்ளும், பன்றி எதிரே நிற்கும்போதும்தான். துப்பாக்கி லேசாக லேசாக இது அதிகம் நடக்கும்.

விசை இழுத்தும் வெடிக்கவில்லை என்றால் முப்பது வினாடி பேரலை இலக்கு நோக்கியே பிடித்திருந்து, பிறகு சிலிண்டரைத் திறங்கள். வழக்கமான வெடிக்குப் பதில் "புஸ்" என்று சன்னமாகக் கேட்டால் அடுத்ததைச் சுடவே கூடாது; தோட்டாக்களை எல்லாம் எடுத்துவிட்டு, பேரலில் குண்டு சிக்கியிருக்கிறதா என்று ரேஞ்ச் ஆளைக் கூப்பிட்டுக் கம்பி விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.