60 விவசாயிகள், 20 நிமிடம், 34 ஸ்லைடு: எதை வெட்டுவது?

வரப்புநடை:
வணக்கம். வேளாண்மையில் பட்டம் முடித்துவிட்டு, திருவாரூர் பக்கம் ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் இரண்டு வருடமாகக் களப்பணி செய்கிறேன். இன்னும் 16 நாளில் ஒரு கல்யாண மண்டபத்தில் சுமார் 60 விவசாயிகள் முன்னால் செம்மை நெல் சாகுபடி (இளம் நாற்றை ஒற்றை ஒற்றையாக இடைவெளி விட்டு நடும் முறை) பற்றிப் பேச வேண்டும். சம்பாவுக்கு நாற்றங்கால் விடுவதற்கு முன்னால் நடக்கும் கூட்டம். எனக்கு 20 நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

34 ஸ்லைடு செய்துவிட்டேன். மடகாஸ்கரில் 1980களில் இந்த முறை பிறந்த கதை, அதன் கோட்பாடுகள், வேர் வளர்ச்சி, தூர் (ஒரு நாற்றிலிருந்து கிளைக்கும் தண்டு) எண்ணிக்கை, ஹெக்டேர் கணக்கில் விளைச்சல் அட்டவணை என்று போகிறது. எதைப் பார்த்தாலும் முக்கியமாகத்தான் தெரிகிறது.

போன வருடம் உரம் பற்றி இதே மாதிரி பேசினேன். பத்தாவது நிமிடத்தில் டீ வந்தது. எழுந்து போனவர்களில் பாதிப் பேர் திரும்பி வரவில்லை. முடித்தபோது முன்வரிசைப் பெரியவர் ஒருவர், "எல்லாம் சரிம்மா, மாவுக்கு எத்தனை கிலோ யூரியா?" என்று கேட்டார். மா என்பது எங்கள் பக்கத்து நில அளவு. என் ஸ்லைடில் ஹெக்டேர் கணக்குத்தான் இருந்தது. நின்ற இடத்தில் எனக்குக் கணக்கு ஓடவில்லை. அவர் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. இந்த முறை அப்படி ஆகக் கூடாது. எப்படித் தயாராவது?

கணினிக்கடை:
உள்ளடக்கம் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும். ஸ்லைடில் தமிழை வானவில், பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் அடித்திருந்தால் மண்டபத்துக் கணினியில் திறக்கும்போது வெறும் ஆங்கிலக் குப்பையாக வரும். யூனிகோடில் அடியுங்கள், பிடிஎஃப் பிரதி ஒன்றும் கையில் இருக்கட்டும். புரொஜெக்டரில் எச்டிஎம்ஐ இருக்கிறதா, பழைய விஜிஏ மட்டுமா என்று முதல் நாளே போய்ப் பாருங்கள். பகல் கூட்டம் என்றால் ஜன்னல் வெளிச்சத்தில் வெளிர் நிறம் எதுவும் தெரியாது. வெள்ளையில் கறுப்பு எழுத்து, பெரிதாக. பேசும்போது திரை தொந்தரவாக இருந்தால், பவர்பாயிண்ட்டில் ஸ்லைடு ஓடும்போது விசைப்பலகையில் பி எழுத்தை ஒரு தட்டு தட்டினால் திரை கறுப்பாகிவிடும், இன்னொரு தட்டில் திரும்பி வரும்.

பழைய_ஏஏஓ:
31 வருடம் உதவி வேளாண்மை அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன் அம்மா. அந்தப் பெரியவர் உங்களுக்குப் பெரிய உதவி செய்திருக்கிறார்.

ஸ்லைடைக் கொஞ்சம் மூடி வையுங்கள். மண்டபத்திலிருந்து வீட்டுக்குப் போகும் விவசாயி மறுநாள் காலையில் என்ன செய்ய வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? எனக்குத் தோன்றுவது, "இந்தச் சம்பாவில் ஒரே ஒரு மாவில் செய்து பார்க்கிறேன்" என்று அவர் முடிவெடுத்தால் போதும். அதற்கு உதவாத ஸ்லைடெல்லாம் போகட்டும். மடகாஸ்கர் போகட்டும்.

அடுத்தது அளவு. நம் பக்கம் ஏக்கருக்கு மூன்று மா. ஹெக்டேர் என்பது கிட்டத்தட்ட ஏழரை மா. இந்த முறைக்கு ஏக்கருக்கு மூன்று கிலோ விதை என்றால், மாவுக்கு ஒரு கிலோ. வழக்கமாக மாவுக்கு எட்டு, பத்து கிலோ விடுகிறவரிடம் "மாவுக்கு ஒரு கிலோ" என்று சொல்லிப் பாருங்கள், நிமிர்ந்து உட்காருவார். ஏக்கருக்கு எட்டு சென்ட் நாற்றங்கால் போட்ட இடத்தில் ஒரு சென்ட் போதும். 22.5 சென்டிமீட்டர் இடைவெளி என்று எழுதாதீர்கள். ஒரு சாண் என்று கையை விரித்துக் காட்டுங்கள். அளவு எல்லார் கையிலும் இருக்கிறது.

அப்புறம், இன்றைக்கே விதையை ஊறப் போடுங்கள். ஒரு நாள் ஊறல், ஒரு நாள் முளைகட்டு, பிறகு தட்டில் தெளித்தால் கூட்டத்தன்று சரியாக 14 நாள் நாற்று கையில் இருக்கும். "14 நாள் நாற்றை நடலாம்" என்று வாயால் சொன்னால் நம்ப மாட்டார்கள். தட்டை வரிசை வரிசையாக அனுப்புங்கள், ஆளுக்கு ஒரு நாற்றைப் பிடுங்கிப் பார்க்கட்டும். குறுவையில் இந்த முறையில் நட்டவர் வயலிலிருந்து ஒரு குத்தும், பக்கத்து வயலிலிருந்து ஒரு குத்தும் வேரோடு வாளியில் கொண்டு வாருங்கள். தூரை நீங்கள் எண்ணாதீர்கள், கூட்டத்திலிருந்து ஒருவரைக் கூப்பிட்டு உரக்க எண்ணச் சொல்லுங்கள். வரிசைக்கு நடுவே தள்ளிக் களை எடுக்கும் கருவியான கோனோ வீடரையும் மேடை ஓரம் நிறுத்துங்கள்.

ஒன்றை மறைக்காதீர்கள். வடகிழக்குப் பருவமழையில் தண்ணீர் தேங்கும் பள்ளக்கட்டில் இந்தப் பிஞ்சு நாற்று தாங்காது. "வடிகால் இல்லாத மாவில் செய்யாதீர்கள்" என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இப்படி ஒரு விஷயத்தை விழுங்கிவிட்டுப் பேசினேன். அந்த ஊரில் மூன்று வருடம் யாரும் என் பேச்சைக் கேட்கவில்லை.

20 நிமிடத்தில் 12 நிமிடம்தான் உங்களுடையது, மீதி கேள்விக்கு. டீயை முன்னாலேயே கொடுக்கச் சொல்லுங்கள். வீட்டில் யார் முன்னாலாவது நின்று, வாய்விட்டு, நேரம் பார்த்து மூன்று தடவை பேசிப் பாருங்கள். மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பது கணக்கில் சேராது.

மன்னார்குடி_மகள்:
ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். என் அம்மா நடவு வேலைக்குப் போகிறவர். இந்த மாதிரிக் கூட்டத்துக்கு அவரை யாரும் கூப்பிட்டதே இல்லை. சாண் இடைவெளியில் ஒற்றை நாற்றாக நடப்போவது அவர்தானே? முதல் வருடம் கை பழகும்வரை வேலை மெதுவாகத்தான் நடக்கும், கூலி பேசுவதில் சிக்கல் வரும். நிலக்காரர் ஊருக்குப் போய், "ஆளுங்க ஒத்துக்கலை" என்று விட்டுவிடுவார். பத்து நடவுப் பெண்களையாவது அழையுங்கள். முடிச்சுப் போட்ட கயிறு ஒன்று கொண்டு போய், அவர்களில் இரண்டு பேரையே பிடிக்கச் சொல்லிக் காட்டுங்கள்.

மடகாஸ்கரை விட்டாலும், 2010இல் தஞ்சைப் பெரிய கோயில் ஆயிரமாண்டு விழாவின்போது இந்த முறைக்கு ‘ராஜராஜன் 1000’ என்று பெயர் வைத்ததை ஒரு வரியில் சொல்லலாம். அம்மாவுக்கு இது அந்தப் பெயரில்தான் தெரியும்.

பழைய_ஏஏஓ:
நடவுப் பெண்களைப் பற்றி நான் எழுதாமல் விட்டது தவறு. மகள் சொன்னபடியே செய்யுங்கள்.

வரப்புநடை:
எல்லாருக்கும் நன்றி. நேற்றே விதை ஊறப் போட்டேன், இப்போது சாக்கில் முளைகட்டிக் கிடக்கிறது. ஸ்லைடு ஆறாகிவிட்டது. நான்கு புகைப்படம், ஒரு மாவுக்கான செலவுக் கணக்கு, கடைசியில் என் தொலைபேசி எண். நடவுக் குழுவின் தலைவி ஒருவரைப் பார்த்துப் பேசினேன், எட்டுப் பேரோடு வருகிறேன் என்றார். மதியக் கூட்டம் என்றால் வேலை முடிந்து வர முடியும் என்று கேட்டதால் நேரத்தை மூன்று மணிக்கு மாற்றச் சொல்லியிருக்கிறேன்.

இன்று காலை அப்பா முன்னால் பேசிப் பார்த்தேன். 19 நிமிடம் வந்தது. "ஒரு மாவுக்கு வீடர் ஓட்ட எத்தனை ஆள்?" என்று கேட்டார். அது என்னிடம் இல்லை. குறுவையில் நட்ட வயல்காரரிடம் நாளைக்குக் குத்து எடுக்கப் போகும்போது கேட்டுக்கொண்டு வருகிறேன்.