அம்மாவின் செம்பருத்தி படத்தில் வெறும் சிவப்பாக வருகிறது, இதழ் நரம்பே தெரியவில்லை. உதவுங்கள்

ஆயர்ஈத்தாம்_மகள்:
வணக்கம். பினாங்கு, ஆயர் ஈத்தாமில் தரை வீடு. வாசலுக்கும் வேலிக்கும் நடுவே இருக்கிற கொஞ்ச இடத்தில் அம்மா பல வருடமாகச் செடி வளர்க்கிறார். செம்பருத்தி, நந்தியாவட்டை, இட்லிப்பூ, வேலியில் சங்குப்பூ. அம்மாவுக்கு அடுத்த மாதம் 60 வயது. அவர் வைத்த செம்பருத்தியைப் படமெடுத்து, பெரிதாக அச்சிட்டு, சட்டம் போட்டுக் கொடுக்க வேண்டும் என்று ஆசை.

மூன்று வாரமாக முயல்கிறேன். நேரில் பார்த்தால் இதழில் நரம்பு ஓடுவதும் நடுவில் கருஞ்சிவப்பாக இறங்குவதும் அவ்வளவு அழகாக இருக்கும். படத்தில் பூ முழுவதும் ஒரே சிவப்பு, சாயத்தை ஊற்றியது மாதிரி. இலைகள் மட்டும் நன்றாக வருகின்றன. வெள்ளை நந்தியாவட்டைகூடப் பரவாயில்லை. ஃபோகஸும் சரியாகத்தான் இருக்கிறது, மகரந்தத் துளிகளை எண்ணலாம். போதாததற்கு முதல் பத்து நிமிடப் படங்கள் எல்லாம் பனி மூடியது போல் இருக்கின்றன.

கேமரா 24 மெகாபிக்சல் டி.எஸ்.எல்.ஆர்., கூடவே வந்த 18-55 லென்ஸ். லென்ஸ் திறப்பு எஃப் 5.6, ஒளி உணர்திறன் ஐஎஸ்ஓ 400, கோப்பு ஜேபெக். காலை எட்டரை மணிக்கு எடுக்கிறேன். வெளிச்சம் எவ்வளவு என்று காட்டும் வரைபடம், ஹிஸ்டோகிராம், அதையும் பார்த்தேன், நடுவில்தான் நிற்கிறது. லென்ஸ் கெட்டுவிட்டதா?

பாயான்லெப்பாஸ்_அண்ணன்:
தங்கச்சி, பனிக்கு மட்டும் சொல்கிறேன். கேமராவை ராத்திரி ஏர்கோன் அறையிலா வைக்கிறீர்கள்? அப்படியென்றால் லென்ஸ் கெடவில்லை. குளிர்ந்த கண்ணாடியை நம் ஊர் ஈரக்காற்றில் கொண்டு வந்தால் ஐஸ் தேநீர்க் குவளை மாதிரி வியர்க்கும். துடைத்தால் மறுபடி மூடும். அந்த நேரத்தில் லென்ஸைக் கழற்றவே கழற்றாதீர்கள், ஈரம் உள்ளே போய்விடும். அறையிலேயே கேமராவை ஜிப் பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி, அப்படியே வெளியே கொண்டு வந்து அரை மணி நேரம் விடுங்கள். பைக்கு வெளியேதான் வியர்க்கும். ஈரத்தைக் கட்டுப்படுத்தும் டிரை பாக்ஸ் பெட்டி வாங்கினால் இன்னும் நல்லது, ஈரப்பதம் 40-50 விழுக்காட்டில் நின்றால் பூஞ்சையும் பிடிக்காது.

தண்ணீர்மலை_நடையர்:
சிவப்புக்கு நான் பதில் சொல்கிறேன். தண்ணீர்மலைப் பக்கம் பொட்டானிக்கல் கார்டனில் வருடக்கணக்காகப் பூ எடுக்கிறேன், இதே இடத்தில் நானும் மாதக்கணக்கில் முட்டி நின்றிருக்கிறேன்.

நீங்கள் பார்த்த ஹிஸ்டோகிராம் மொத்த வெளிச்சத்தைக் காட்டுவது. அந்தக் கணக்கில் பச்சைக்குத்தான் பங்கு அதிகம். செம்பருத்தி இதழில் பச்சையும் நீலமும் ரொம்பக் குறைவு, சிவப்பு மட்டும் கொட்டிக் கிடக்கிறது. படம் முழுக்கப் பூவே நிறைந்தால் கேமரா 'இருட்டாக இருக்கிறதே' என்று எண்ணி வெளிச்சத்தை ஏற்றும். சிவப்பு ஏற்கெனவே விளிம்பில் நிற்கும், இன்னும் ஏற்றினால் வழியாமல் என்ன செய்யும்? ஜேபெக்கில் ஒரு நிறத்தின் உச்ச எண் 255. நரம்பும் 255, நரம்புக்கு இரண்டு பக்கமும் 255 என்றால் நரம்பு எங்கே தெரியும்? இலையில் சிவப்பு குறைவு, அதனால் அது தப்பித்துவிடுகிறது.

கேமராவில் ஆர்ஜிபி ஹிஸ்டோகிராம் என்று மூன்று நிறமும் தனித்தனியாக வரும் திரை இருக்கும். அதில் சிவப்பை மட்டும் பாருங்கள், வலது சுவரில் மோதி நிற்கும். கேமரா கணிக்கும் வெளிச்சத்தைக் கூட்டவோ குறைக்கவோ உதவும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை மைனஸ் 1-இல் ஆரம்பித்து, சிவப்பு சுவரை விட்டு விலகும் வரை இறக்குங்கள். திரையில் படம் இருட்டாகத் தெரியும், பயப்படாதீர்கள்.

இரண்டாவது, ரா-வில் எடுங்கள், அதாவது கேமரா ஜேபெக்காக மாற்றுவதற்கு முந்தைய மூலக் கோப்பில். பகல் வெளிச்சத்தில் கேமரா ஒயிட் பேலன்ஸுக்காக, அதாவது வெள்ளையை வெள்ளையாகக் காட்ட, சிவப்பைப் பெருக்கித்தான் ஜேபெக் செய்கிறது. பல நேரம் அந்தப் பெருக்கலில்தான் வழிகிறது, ரா கோப்பில் நரம்பு பத்திரமாக இருக்கும். கேமராவின் நிற அமைப்பு, பிக்சர் ஸ்டைல், 'விவிட்' என்றிருந்தால் 'நியூட்ரல்' ஆக்குங்கள். பழைய ஜேபெக்கில் போன விவரம் போனதுதான், எந்தச் செயலியும் கொண்டு வராது.

ஆயர்ஈத்தாம்_மகள்:
அண்ணே, ஆர்ஜிபி திரையைத் தேடிப் பார்த்துவிட்டேன். நீங்கள் சொன்ன மாதிரியே சிவப்பு சுவரோடு ஒட்டி நிற்கிறது! ஸ்டைலும் விவிட்தான். ஏர்கோனும் உண்மை. ஒரு சிக்கல், வெயில் ஏறுவதற்கு முன் எடுக்கலாம் என்றால் அம்மா ஏழரை மணிக்கே சாமிக்குப் பறித்துவிடுகிறார். நான் எடுப்பதெல்லாம் பின்பக்கம் மிஞ்சியவை, அங்கே நேர் வெயில்.

கெலுகோர்_பாட்டி:
அம்மாவிடம் சொல்லும்மா, ஒரு கிளையை உனக்கு விட்டு வைப்பார். செம்பருத்தி ஒரு நாள் பூ. நாளைக்கு விரியப்போகிற மொட்டு முதல்நாள் சாயங்காலமே நீண்டு நுனியில் சிவப்பு தெரியும். அதற்கு ஒரு நூல் கட்டி வை. எங்கள் வீட்டில் சாமிக்கும் பேத்தியின் படத்துக்கும் அப்படித்தான் பங்கு பிரிக்கிறோம்.

தண்ணீர்மலை_நடையர்:
பாட்டி சொல்வது சரியான வழி. ஏழரைக்கு இங்கே சூரியன் அப்போதுதான் எழும்பியிருக்கும், வெளிச்சம் மென்மையாக விழும். பிந்திவிட்டால் அப்பாவின் வெள்ளை வேட்டி ஒன்றைத் துணிக்கொடியில் சூரியனுக்கும் செடிக்கும் நடுவே தொங்கவிடுங்கள், ஒற்றை மடிப்பு போதும். இதழ் மேல் விழும் வெள்ளைப் பளபளப்பு போய்விடும்.

இன்னொன்று. செம்பருத்தியின் நடுத்தண்டு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். நேர் முன்னாலிருந்து எஃப் 5.6-இல் எடுத்தால் மகரந்தம் தெளியும், இதழ் மங்கும். உங்கள் ஃபோகஸ் அங்கேதான் போயிருக்கிறது. கொஞ்சம் பக்கவாட்டில் போங்கள், திறப்பைச் சுருக்கி எஃப் 11 வையுங்கள், இதழும் தெளியும். காற்றில் ஆடினால் ஷட்டர் வேகம் 1/250 நொடிக்குக் கீழே போக வேண்டாம், ஐஎஸ்ஓவை 800-க்கு ஏற்றலாம்.

ஆயர்ஈத்தாம்_மகள்:
இன்று காலை எடுத்தேன். நூல் கட்டிய மொட்டு, வேட்டி நிழல், ரா, எஃப் 11, மைனஸ் 1.3. நரம்பு வந்துவிட்டது! அடியில் கருஞ்சிவப்பு, அங்கிருந்து ஐந்து இதழுக்கும் விரிகிற கோடுகள், எல்லாம் இருக்கிறது. கணினியில் பெரிதாக்கி அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே வந்து பார்த்தவர், "இந்த இதழைப் பூச்சி கடித்திருக்கிறதே" என்று நேரே செடியைப் பார்க்கப் போய்விட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, இதுவரை எடுத்த எந்தப் படத்திலும் அது தெரிந்ததே இல்லை.

12-க்கு 18 அங்குலம் அச்சிட்டால் தாங்குமா?

பாயான்லெப்பாஸ்_அண்ணன்:
தாராளமாக. 24 மெகாபிக்சல் படத்தின் நீளப் பக்கம் 6000 பிக்சல், அது 18 அங்குலத்தில் பரவினால் அங்குலத்துக்கு 333. கடைக்கு எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான நிற அமைப்பில் கொடுங்கள். ஆனால் முதலில் 4ஆர் (4-க்கு 6 அங்குலம்) அளவில் ஒன்று மட்டும் அச்சிட்டுப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். திரை வெளிச்சத்துக்குப் பழகிய கண்ணுக்கு அச்சு இருட்டாகத்தான் வரும், சிவப்பு இன்னும் அடர்ந்துவிடும்.

ஆயர்ஈத்தாம்_மகள்:
4ஆர் வந்துவிட்டது அண்ணே. கொஞ்சம் இருட்டுதான். சிவப்பைத் தொடாமல் நிழல் பகுதிகளின் வெளிச்சத்தை மட்டும் ஏற்றி மறுபடி கொடுத்திருக்கிறேன். பூச்சி கடித்த இடத்தை அழிக்கவில்லை.